கோழிக்கால அரைவேக்காடா எடுத்து கிரில்ல போடுறது: எங்க சரி, எங்க வேணவே வேணாம்

சிங்கப்பூர்ல ஈஸ்ட் கோஸ்ட் பார்க் பார்பிக்யூ பிட் (பார்க்லயே கட்டி வெச்சிருக்கிற கரி அடுப்பு) பக்கமா சனிக்கிழம ராத்திரி நடந்து போனீங்கன்னா ஏதாவது ஒரு பிட்ல இத கண்டிப்பா பாக்கலாம், ஒருத்தர் போன் டார்ச்ச அடிச்சு பிடிச்சிருப்பாரு, இன்னொருத்தர் கோழிக்கால கத்தியால கீறி உள்ள எட்டிப் பாத்துக்கிட்டு இருப்பாரு. வெளிய கருகிப் போயிருக்கும், எலும்பு பக்கம் இன்னும் பச்சக்கறி. அவங்களுக்கு சமைக்கத் தெரியலன்னு இல்ல, பிட்டோட அமைப்பே அப்படி. மூடி போட்ட கிரில்லா இருந்தா கரிய ஒரு ஓரமா ஒதுக்கிட்டு மறு ஓரத்துல கறிய வெச்சு மூடிட்டா போதும், உள்ளயே ஓவன் கணக்கா சூடு சுத்தி சுத்தி வேகவெச்சிடும். பார்க் பிட்ல மூடி கெடையாது, வலைய ஏத்தி எறக்க வழி கெடையாது, கடல் காத்து அடிக்க அடிக்க கரி தானா செவந்துக்கிட்டே இருக்கும். எலும்போட முழு லெக்கு ஒண்ணு உள்ள வரைக்கும் வேக 35, 40 நிமிஷம் வேணும், நேரடி நெருப்புல தோல் கருகுறதுக்கு 10 நிமிஷமே ஜாஸ்தி. நடுவுல இடிக்கிற அந்த அர மணி நேரத்த எங்க வெச்சு ஓட்டுறதுங்கிறதுதான் மொத்தப் பிரச்சனையும்.

அதனாலதான் முன்னாடியே கொஞ்சம் வேகவெச்சு எடுத்துட்டுப் போற பழக்கம் வந்துச்சு. இதுல இன்னொரு லாபமும் இருக்கு, தோலுக்கடியில இருக்கிற கொழுப்புல ஒரு பங்கு அடுப்புலயே உருகி போயிடும், அப்புறம் கரி மேல சொட்டி சொட்டி குபுக்குன்னு தீ எழும்பி கறிய கருக்குறது கொறையும். எல்லாம் நெருப்புலயேதான் வேகணும்னு நிக்கிற கிரில் ஆளுங்க இத ஏமாத்து வேலன்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும், அவங்க டார்ச் அடிச்சுக்கிட்டே சாப்பிடட்டும்.

ஆனா எல்லா பீசுக்கும் இது தேவையில்ல. விங்ஸ், எலும்பில்லாத தொடக்கறி, சாத்தே குச்சி இதெல்லாம் பச்சையாவே போடலாம், சன்னமா இருக்கிறதால வெளிய செவக்கிறதுக்குள்ள உள்ள வெந்துடும். நெஞ்சுக்கறிய தண்ணியில வேகவெச்சு அப்புறம் கிரில்ல வாட்டுறது மகா பாவம், அதுல கொழுப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, நார் நாரா தொண்டையில நிக்கும். முன்னாடியே வேகவெக்க வேண்டியது எலும்போட முழு லெக்கு, தடியான ட்ரம்ஸ்டிக், பாதிக் கோழி, அப்புறம் நம்மூர் நாட்டுக்கோழி. அவ்ளோதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். எங்க செட்ல ஒருத்தன் ஜூரோங் வெஸ்ட்ல இருக்கான், அங்கேர்ந்து ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு ட்ரெயின் மாறி பஸ் மாறி வரணும். ஒரு தடவ அவன் வீட்லயே லெக் பீஸ் எல்லாத்தையும் பத்து நிமிஷம் கொதிக்கவெச்சு, மசாலா பெரட்டி, சூடு ஆறக்கூடாதுன்னு ஹாட்பேக்ல போட்டு இறுக்க மூடி எடுத்துட்டு வந்தான். தெறந்தப்ப வாசன ஆள தூக்குச்சு, அத மறுக்கமாட்டேன். மூடியோட உள்பக்கம் பூரா தண்ணி முத்து முத்தா கோத்து நின்னுச்சு. என்கிட்ட தெர்மாமீட்டர் இருந்துச்சு, தடியான பீஸ் ஒண்ணுல எலும்பு பக்கமா குத்திப் பாத்தா 44 டிகிரி. ஒடச்சு பாத்தா நடுவுல கண்ணாடி மாதிரி பச்சக்கறி. அடுப்புலேர்ந்து எறக்கி எவ்ளோ நேரம் ஆச்சுன்னு கேட்டேன், ரெண்டு மணி நேரம் இருக்கும்னான்.

"மச்சான் இத போடவேணாம்டா."

"டேய், மறுபடி நெருப்புலதானே போடப்போறோம், எது இருந்தாலும் செத்துடும்ல?"

நியாயமான கேள்விதான், கேக்குறவங்க நெறைய பேரு. அதுக்கு பதில் என்னன்னா, கிருமி செத்தாலும் அது போட்டுவெச்சது சாகாது. 4 டிகிரிக்கு மேல 60 டிகிரிக்கு கீழன்னு ஒரு எடவெளி இருக்கு, அதுல கிருமிங்க பெருகும், அதுலயும் உடம்புச் சூட்டுக்கு கொஞ்சம் மேல 40 சொச்சத்துல சிலதுக்கு கொண்டாட்டம். அரைவேக்காட்டுக் கறியில வெளிப்பக்கம்தான் சூடு பட்டிருக்கு, நடுவுல சால்மொனெல்லா கிருமி இருந்தா அது அப்படியே உயிரோட இருக்கும். கறியிலயே க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்னு ஒண்ணு இருக்கலாம், அதோட விதை கொதிக்கிற தண்ணிக்கும் அசராது, கறி மெதுவா ஆறும்போது முளைச்சு பெருக ஆரம்பிச்சிடும். நம்ம கையிலயும் மூக்குலயும் இருக்கிற ஸ்டாஃப் கிருமி மசாலா பெரட்டும்போது ஏறிட்டா கறி மேல விஷத்த உண்டாக்கும், அந்த விஷம் அப்புறம் கொதிக்கவெச்சாலும் வாட்டினாலும் போகாது. ஆக அவன் சூடு ஆறக்கூடாதுன்னு போட்ட ஹாட்பேக்குதான் இங்க வில்லன், ரெண்டு மணி நேரமும் சரியா அந்தச் சூட்டுலயே வெச்சு காப்பாத்தியிருக்கு.

அவனுக்கு கோவம், ரெண்டு கிலோ கறி, காலையிலேர்ந்து நின்னு பண்ணது. கடைசியில அவன் பொண்டாட்டிதான் "அண்ணா சொல்றதக் கேளுங்க, புள்ளைங்க சாப்பிடப் போகுது"ன்னு சொல்லி குப்பையில போட வெச்சாங்க. அன்னைக்கு சோளமும் சாசேஜும்தான் சாப்பாடு.

அமெரிக்க வேளாண்துறை இதுக்கு வெச்சிருக்கிற விதி ரொம்ப எளிமையானது, கறிய பாதி வேகவெக்கலாம், ஆனா அடுப்புலேர்ந்து எடுத்த கையோட சூடான கிரில்லுக்கு போயிடணும், பாதி வேகவெச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சு அப்புறம் வாட்டுறதுன்ற பேச்சே கெடையாது. நெறைய பேருக்கு இந்த ரெண்டாவது பாதிதான் தெரியல, ராத்திரியே அரைவேக்காடா பண்ணி ஃப்ரிட்ஜ்ல வெச்சா பத்திரம்னு நெனக்கிறாங்க. கறி ஆறுறதுக்குள்ளயும், மறுநாள் சூடேறும்போதும் அந்த எடவெளிய ரெண்டு தடவ தாண்டணும், நடுவுல முழுசா வேகுறது ஒரு தடவகூட கெடையாது.

அதனால நான் வெச்சிருக்கிற கணக்கு, அடுப்பும் கிரில்லும் ஒரே எடத்துல இருந்தா அரைவேக்காடு ஓகே, நடுவுல பஸ்சோ ட்ரெயினோ வந்துச்சுன்னா வீட்லயே முழுசா வேகவெச்சிடு. பார்க்குக்கு போறவங்களுக்கு அரைவேக்காடே கெடையாதுன்னு வெச்சுக்கோங்க.

முழுசா வேகவெச்ச கறிய வாட்டினா காஞ்சு போகாதான்னு கேப்பீங்க. எனக்கும் அந்த சந்தேகம் இருந்துச்சு, அத போக்கினது எங்க ப்ளாக்ல அதே மாடியில இருக்கிற மக்சிக், மலாய்ல ஆன்ட்டின்னு அர்த்தம். அவங்க குடும்பம் ஜாவாலேர்ந்து வந்தது, அவங்க பண்ற ஆயாம் பக்கார் (கரியில வாட்டின கோழி) எப்பவுமே ரெண்டு கட்டமாத்தான். மொதல்ல உங்கெப், அதாவது மசாலாவோட சட்டியில போட்டு மெல்லிசு தீயில தண்ணி வத்துற வரைக்கும் வேகவெப்பாங்க, கறி அங்கயே முழுசா வெந்துடும். நெருப்பு அதுக்கப்புறம் வாசனைக்கும் கலருக்கும் மட்டும்தான். ஜாவாக்காரங்க காலங்காலமா பண்றது, வீட்ல பிரிட்ஜ் கரண்ட்னு ஒண்ணும் இல்லாத காலத்துலேர்ந்து வந்த வழின்னு அவங்க சொல்லுவாங்க.

நான் பண்ற அளவு சொல்றேன். தோலோட ஆறு முழு லெக்கு. சின்ன வெங்காயம் பத்து பன்னெண்டு, பூண்டு ஆறு பல்லு, கொத்தமல்லி வெத ஒரு டேபிள்ஸ்பூன், வெரல் நீளம் பச்ச மஞ்சள், ஒரு துண்டு பேரரத்த (இங்க லெங்குவாஸ்னு கேட்டா எடுத்துத் தருவாங்க), கொஞ்சம் இஞ்சி, எல்லாத்தையும் மையா அரச்சு எண்ணெயில பச்ச வாசன போக வதக்கணும். ரெண்டு செராய் (எலுமிச்சம்புல்) தண்ட தட்டிப் போட்டு, எலுமிச்ச எல நாலு கிழிச்சுப் போட்டு, கறி, உப்பு, ஒரு சின்னத் துண்டு குலா மெலாக்கா (தென்ன வெல்லம்), கறி முக்காவாசி முழுகுற அளவுக்கு தண்ணியோ எளநீயோ ஊத்தணும். மக்சிக் எளநீதான் ஊத்துவாங்க, அதுல இருக்கிற இனிப்பு வேற ரகம். கொதி வந்ததும் தீயக் கொறச்சிடணும், தளதளன்னு கொதிக்கவிட்டா நாரு சுருங்கி ரப்பராயிடும், மேல லேசா குமிழி வந்தா போதும். நடுவுல ஒரு தடவ திருப்பிப் போட்டு, 35 நிமிஷத்துலேர்ந்து 40 நிமிஷம்.

கால் கறி காஞ்சு போகாததுக்கு காரணம் இருக்கு. நெஞ்சுக்கறி 74 டிகிரிய தாண்டினா சாறு போயிடும், ஆனா கால்லயும் தொடையிலயும் ஜவ்வு ஜாஸ்தி, அது 80, 85 டிகிரிக்கு போனாத்தான் கரைஞ்சு கறி மெத்துன்னு ஆகும். சில பேரு 74 வந்ததும் எடுத்துட்டு தொடக்கறி சவசவன்னு இருக்குன்னு புலம்புவாங்க. பாதுகாப்புக்கு 74, பல்லுக்கு 82.

வெந்ததும் கறிய அகலமான தட்டுல பரப்பிடுங்க, சட்டியோட மூடி வெச்சுட்டு கடைக்குப் போயிடாதீங்க. ஃபேனுக்கு அடியில வெச்சா சீக்கிரம் ஆறும், கை பொறுக்குற சூடு வந்ததும் ஃப்ரிட்ஜ், எப்படி பாத்தாலும் எறக்கினதுலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள போயிருக்கணும். மறுநாள் ஐஸ் பாக்ஸ்ல அடியிலயும் மேலயும் ஐஸ் பேக் வெச்சு எடுத்துட்டுப் போகணும். பிட்ல கரி மேல வெள்ள சாம்பல் பூத்தப்புறம் வலையில போடுங்க, சில்லுன்னு இருக்கிற கறி நடுவுல சூடேற 12, 15 நிமிஷம் ஆகும், அங்கயும் 74 பாத்துட்டுத்தான் எடுக்கணும். சட்டியில மிஞ்சின மசாலாவ வத்தவெச்சு, கிச்சாப் மானிஸும் (இனிப்பு சோயா சாஸ்) கொஞ்சம் எண்ணெயும் கலந்து அதத்தான் மேல தடவுறது, ஆனா கடைசி மூணு நாலு நிமிஷத்துல மட்டும். கிச்சாப்ல பாதி சர்க்கரதான், ஆரம்பத்துலயே தடவினா கறி சூடாகுறதுக்குள்ள அது கருகி கசந்துடும். மக்சிக் ஒரு தடவ என் கையிலேர்ந்து பிரஷ்ஷயே புடுங்கிட்டாங்க, "அடிக், லாம்பாட் சிக்கிட் லா"ன்னு, கொஞ்சம் பொறுடான்னு அர்த்தம்.

நெஜமான அரைவேக்காடு முறைக்கு வரணும்னா நான் திருச்சிக்கு லீவுக்கு வரணும். மொட்ட மாடியில கிரில், கீழ ஒரு மாடி எறங்கினா சமையல்கட்டு, இதுதான் அதுக்கு சரியான எடம். கரிய பத்தவெச்சு, சாம்பல் பூக்க 25 நிமிஷம் ஆகும்ல, அந்த நேரத்துலதான் கீழ கறி வேகணும். மொதல்ல கறிய வேகவெச்சு எறக்கிட்டு அப்புறம் கரிக்கு ஊதிக்கிட்டு நின்னீங்கன்னா எல்லாம் போச்சு, கரி எப்ப பத்தும்னு கரிக்கே தெரியாது. நெருப்பு ரெடி ஆனப்புறம் கறி அதத் தேடி போகணுமே தவிர கறி நெருப்புக்காக காத்திருக்கக் கூடாது.

வேகவெக்கிறதுல எனக்கு புடிச்சது இட்லிப் பானை. தண்ணியில போட்டு வேகவெச்சா ருசி பாதி தண்ணிக்கு போயிடுது, ஆவியில அவ்ளோ போகாது. கறிய எலும்பு வரைக்கும் மூணு கீறல் போட்டு, உப்பு மஞ்சள் எலுமிச்சம்பழம் தடவி ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுவேன், ஏன்னா உள்ள வரைக்கும் போறது உப்பு மட்டும்தான், மிளகாப்பொடி கரம் மசாலா எல்லாம் எவ்ளோ நேரம் ஊறினாலும் மேலோட சரி. ஆவியில 15 நிமிஷம், தொடப்பகுதி தடியா இருந்தா 18. எடுத்ததும் துணியில ஒத்தி ஈரத்த எடுத்துட்டு, தயிர் மசாலாவ அப்பத்தான் தடவி நேரா மாடிக்கு. ஈரத்தோட போட்டா தோல் வலையில ஒட்டிக்கும், செவக்கவும் செவக்காது, அந்தத் தண்ணி ஆவியாகுற வரைக்கும் நெருப்போட வேல பூரா அதுக்கே போயிடும்.

தண்ணியிலதான் போடணும்னா ரசத்துக்கு போடுற அளவு உப்ப தண்ணியில போடுங்க, கொதிக்கவிடாம 12 நிமிஷம், அந்தத் தண்ணிய கீழ கொட்டிடாதீங்க, மிளகு தட்டிப் போட்டா அன்னைக்கு சூப் ரெடி. மைக்ரோவேவும் பண்ணலாம், தடியான பக்கம் வெளிப்பக்கமா பாத்து அடுக்கி, மூடிப் போட்டு, நடுவுல திருப்பிப் போட்டு, ஆனா அது ஒரே பீஸ்ல ஒரு எடத்த சுட்டுட்டு பக்கத்துலயே சில்லுன்னு விட்டுடும், அதனால அதுக்கப்புறம் கிரில்ல நேரம் கொறைக்காதீங்க. பிராய்லருக்கு குக்கர் வேணாம், ஒரு விசில் கூட விட்டா வலையில வெக்கும்போது கறி ஒரு பக்கம் எலும்பு ஒரு பக்கம். குக்கர் நாட்டுக்கோழிக்குத்தான், அதுக்கு மூணு விசில் விட்டாலும் அது அசராது.

அம்மாவுக்கு இதெல்லாம் பாத்தா சிரிப்பு. "கொழம்புக்கு வெந்த கறிய எடுத்து எதுக்குடா வெயில்ல கொண்டுபோய் மறுபடி சுடுற?" ஆனா நாட்டுக்கோழிய மஞ்ச தடவி நெருப்புல வாட்டி அப்புறம் வெட்டுறது அவங்க சின்ன வயசுலேர்ந்து பண்றதுதான், நான் அதையே தலகீழா பண்றேன்னு சொன்னதுக்கு அப்ப நீயே பண்ணிக்கோன்னு மசாலா அம்மிய என் பக்கம் தள்ளிட்டாங்க. நம்மூர் கடையில இன்னொண்ணு, சொல்லலைன்னா தோல உரிச்சுத்தான் தருவாங்க. கிரில்லுக்கு தோலோட வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க, கிலோவுக்கு வெலையும் கம்மி, நெருப்புக்கும் கறிக்கும் நடுவுல ஒரு கவசம் இருக்கும்.

அப்புறம் அந்த ரோஸ் கலர் பிரச்சன. 2022 ஜூன் மாசம் மலேசியா கோழி ஏத்துமதிய நிறுத்தினப்ப சிங்கப்பூர்ல நெறைய பேரு ஃப்ரோசன் கோழிக்கு மாறினோம், அப்ப என்ன வேகவெச்சாலும் எலும்ப ஒட்டி செவப்பா கருஞ்செவப்பா இருக்கு, வேகலன்னு திரும்பத் திரும்ப நெருப்புல போட்டு கறிய சக்கையாக்கினவங்க நெறைய. பிராய்லர் கோழி ஆறு ஏழு வாரத்துலயே வெட்டுறது, எலும்பு இன்னும் முத்தியிருக்காது, உள்ள இருக்கிற மஜ்ஜையோட நெறம் கசிஞ்சு வெளிய வரும், ஐஸ்ல வெச்ச கோழியில அது இன்னும் ஜாஸ்தி. அதுக்காக கலர் வெள்ளையா இருந்தா வெந்துடுச்சுன்னும் அர்த்தமில்ல. கலர வெச்சு ரெண்டு பக்கமும் ஒண்ணும் சொல்ல முடியாது, தெர்மாமீட்டர் ஒண்ணுதான் வழி, இருபது வெள்ளிக்குள்ள (சிங்கப்பூர் டாலர்) நல்லதே கெடைக்குது. தொடையோட தடியான எடத்துல, எலும்புல இடிக்காம குத்தணும், எலும்புல பட்டா கணக்கு தப்பா காட்டும். அது சரியா காட்டுதான்னு பாக்க ஒரு டம்ளர் நெறைய ஐஸ் போட்டு கொஞ்சம் தண்ணி ஊத்தி கலக்கி உள்ள விடுங்க, 0 வரணும். ஃப்ரோசன் கோழின்னா முந்தின நாளே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வெச்சு முழுசா எளகவிடுங்க, நடுவுல ஐஸ் இருக்கிற காலுக்கு நான் மேல சொன்ன நிமிஷக் கணக்கு எதுவும் ஒத்துவராது.

மிச்சம் சில்லறை விஷயங்கதான். பச்சக்கறி வந்த தட்டுலயே வெந்தத எடுத்து வெக்காதீங்க, இடுக்கியும் ரெண்டு வேணும், பார்க்ல கழுவ எடம் தேடி அலையிறதுக்கு இது சுலபம். பச்சக்கறி ஊறின மசாலாவ மேல தடவணும்னா கொதிக்கவெச்சுட்டு தடவுங்க. கோழிய குழாய்க்கு அடியில வெச்சு அலசுறது நம்ம வீடுகள்ல ஊறிப்போனது, எங்கம்மாகிட்ட சொல்லி ஜெயிக்க முடியல, ஆனா கிருமி அதுல போறதில்ல, தெறிச்சு சிங்க்குலயும் பக்கத்துல இருக்கிற வெள்ளரிக்காயிலயும்தான் ஏறும். கழுவியே ஆகணும்னா பாத்திரத்துல தண்ணி வெச்சு மெதுவா முக்கி எடுங்க, அப்புறம் சிங்க்க சோப்பு போட்டு தேய்ங்க. பிட்ல மிஞ்சின கறிக்கும் அதே ரெண்டு மணி நேரம்தான், பகல்ல வெயில் 32 டிகிரிக்கு மேல இருந்தா ஒரு மணி நேரம், அதுக்குள்ள ஐஸ் பாக்ஸுக்கு போகலன்னா வீட்டுக்கு கட்டிக்கிட்டுப் போகாதீங்க. உள்ள போனது மறுநாள் பிச்சுப் போட்டு நாசி கோரெங், அதாவது ஃப்ரைட் ரைஸ்.